அம்மாவுக்கு ஹெச்பிஏ1சி 10.8. புத்தகம், வீடியோ, ஆப் எல்லாம் குடுத்தாச்சு. எதுதான் உதவும்?

மணப்பாறை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 58. சர்க்கரை வந்து 14 வருஷம் ஆச்சு. ரொம்ப காலம் மாத்திரையிலயே ஓடிச்சு. போன வருஷத்துல இருந்து காலையும் ராத்திரியும் 30/70 கலவை இன்சுலின் (வேகமா வேலை செய்யுறது 30 பங்கு, மெதுவா வேலை செய்யுறது 70 பங்கு), கூட மெட்ஃபார்மின் மாத்திரை. போன மாசம் எடுத்த ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) 10.8. அதுக்கு முந்தினது 10.1. ஊசி போட ஆரம்பிச்ச பிறகும் ஏறிட்டுத்தான் போகுது.

நான் திருப்பூர்ல வேலை பாக்குறேன். அம்மாவும் அப்பாவும் மணப்பாறை பக்கத்துல ஊர்ல இருக்காங்க. ரெண்டு கறவை மாடு, ரெண்டு வேளையும் பால் சொசைட்டிக்கு ஊத்துறாங்க. அம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க, கணக்கு நல்லாவே வரும்.

ஆஸ்பத்திரியில ஒரு புத்தகம் குடுத்தாங்க. வழவழ தாள்ல ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆப்பிள் படம். பூங்காவுல ஷூ போட்டு ஓடுற ஒரு அம்மா படம். அது டிவிக்கு அடியில கிடக்கு. நான் வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்புறேன். ஒருத்தர் பழம் சாப்பிடுங்கங்கிறார், இன்னொருத்தர் தொடவே கூடாதுங்கிறார். இதுக்கு நடுவுல அத்தை வேற கஷாயம் குடிச்சா ஊசியே வேண்டாம்னு ஒண்ணை அனுப்பி வச்சிருக்காங்க. போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்தேன். இங்கிலீஷ்ல தட்டணும், அதனால ஒரு எண்ணுகூட ஏறல.

போன் பண்ணினா கடைசியில சண்டையிலதான் முடியுது. "சோத்தைக் குறைச்சியாம்மா?" "குறைச்சுட்டேன்டி, விடு." டாக்டர்கிட்ட போனா கூட்டத்துல மூணு நிமிஷம்தான் கிடைக்குது. "சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கம்மா"ன்னு சொல்லிட்டு ரெண்டு யூனிட் கூட்டி எழுதிடுறார்.

அம்மா மாதிரி ஒருத்தருக்கு உண்மையாவே புரிய வைக்கிற சார்ட், கருவி, வகுப்பு ஏதாவது இருக்கா? ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போக முடியும். ஓரளவு செலவும் பண்ண முடியும். யார்கிட்டயாவது பலன் கிடைச்சிருந்தா சொல்லுங்க.

கோவை மென்பொருள்காரன்:

எங்க அப்பாவுக்கு கையில ஒட்டுற சென்சார் வாங்கி ஒட்டினோம். 14 நாள் வரும். சில ஆயிரம் செலவாகும், ஆனா நாள் முழுக்க கோடு வரைஞ்சு காட்டிடும். சாயந்திரம் டீயோட சாப்பிடுற ரெண்டு ரஸ்க் கோட்டை எவ்வளவு மேல தூக்குதுன்னு அப்பா கண்ணால பாத்தார். அடுத்த நாளே ரஸ்க் டப்பா அலமாரிக்கு மேல போயிடுச்சு. ஒண்ணு சொல்லணும், அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கிராஃப் அவருக்குப் பழகினது. உங்க அம்மாவுக்கு பக்கத்துல உக்காந்து படிச்சுச் சொல்ல ஆள் வேணும். மாட்டுவேலையில சென்சார் உரசிப் பிடுங்கிக்கவும் வாய்ப்பு இருக்கு.

தஞ்சைச் செவிலி:

தங்கச்சி, "ஊசி போட ஆரம்பிச்ச பிறகும் ஏறிட்டுத்தான் போகுது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரியிலயே நான் நின்னுட்டேன். ரெண்டு வேளை இன்சுலின் போடுறவங்களுக்கு சர்க்கரை இறங்காம ஏறுதுன்னா, சோத்தைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி அந்த மருந்து ஒழுங்கா உடம்புக்குள்ள போகுதான்னு பாக்கணும். அதை எந்தப் புத்தகமும் பாத்துச் சொல்லாது.

நான் தஞ்சாவூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்குடுக்கிற செவிலியா இருக்கேன். என் மேஜை மேல ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு, காலி இன்சுலின் குப்பி, சிவப்பு மூடி ஊசி, ஆரஞ்சு மூடி ஊசி, ஒரு மீட்டர், ஒரு கோடு போட்ட நோட்டு, இவ்வளவுதான் இருக்கும். முதல் தடவை வர்றவங்களுக்கு நான் புத்தகம் குடுக்கிறதே இல்ல. என்ன செய்யுறாங்கன்னு தெரியாம என்னத்தைப் படிக்கச் சொல்றது?

ஞாயித்துக்கிழமை போனதும் "அம்மா, எப்பவும் போடுற மாதிரியே ஊசி போட்டுக் காட்டும்மா"ன்னு கேளுங்க. போட்டு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. நடுவுல திருத்தினா அவங்க உங்களுக்காக ஒழுங்கா போட்டுக் காட்டுவாங்க, தினமும் நடக்கிறது உங்களுக்குத் தெரியாமப் போயிடும்.

என்ன பாக்கணும்? 30/70 பால் மாதிரி கலங்கலா இருக்கிற மருந்து. வச்சிருந்தா அடியில வெள்ளையா படிஞ்சிடும், மேல தெளிவா நிக்கும். குப்பியை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு ஒரு பத்துத் தடவை மெதுவா உருட்டணும், பத்துத் தடவை தலைகீழா சாய்க்கணும். ஒரே மாதிரி வெண்மையான பிறகுதான் இழுக்கணும். குலுக்கக் கூடாது, நுரை வந்தா அளவு மாறும். உருட்டாம இழுத்தா ஒரு நாள் மேல் தண்ணி போகும், ஒரு நாள் அடிச் சரக்கு போகும். ஒரே யூனிட்தான் எழுதியிருக்கும், உள்ள போறது தினம் வேற வேற.

அடுத்தது போடுற இடம். தொப்புளுக்கு ரெண்டு பக்கமும், தொடையிலயும், கையில எண்ணெய் தொட்டுக்கிட்டு விரலைப் படுக்க வச்சு தடவிப் பாருங்க. தோலுக்கு அடியில தடிச்சு ரப்பர் மாதிரி வீங்கின இடம் இருந்தா அது ஊசிக் கட்டி. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப போட்டா கொழுப்பு தடிச்சுப் போகும். அங்க குத்தினா வலிக்காது, அதனாலயே எல்லாரும் அங்கயே குத்துவாங்க. ஆனா அந்தக் கட்டியில போட்ட இன்சுலின் சரியா உறிஞ்சாது. வயித்தை நாலு பாகமா மனசுல பிரிச்சு வாரத்துக்கு ஒரு பாகம், ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் தள்ளிப் போடணும். இங்க ஒரு எச்சரிக்கை. கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறினதும் அதே அளவு மருந்து முழுசா வேலை செய்யும், சர்க்கரை தடாலுன்னு இறங்கலாம். டாக்டர்கிட்ட சொல்லாம மாத்தாதீங்க. பெரும்பாலும் அளவைக் குறைச்சுதான் ஆரம்பிப்பாங்க.

மூணாவது, ஊசிக்கும் சோத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம்? சாதாரண 30/70னா சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி. அனலாக் வகைன்னா, அதாவது இன்னும் சீக்கிரமா வேலை செய்யுற மாதிரி மாத்தி அமைச்ச இன்சுலின்னா, சாப்பிட உக்காரும்போது. எந்த வகைன்னு குப்பியைப் பாத்து டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. மாடு வச்சிருக்கிறவங்க வீட்டுல காலை எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். ஊசியைப் போட்டுட்டு சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டியில ஊத்திட்டு வந்து சாப்பிட உக்காரும்போது ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். அதுக்குள்ள லோ ஆகி, அதாவது சர்க்கரை ரொம்ப இறங்கிப் போய், கிடைச்சதை அள்ளித் தின்னு, பத்து மணிக்கு முந்நூறைத் தாண்டியிருக்கும்.

இப்ப சொல்றதை அம்மாகிட்ட தனியா கேளுங்க, அப்பா பக்கத்துல இல்லாதப்ப. "ஊசி போட்டுட்டு எப்பவாவது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடப்பா வந்துச்சா? ராத்திரியில முழிப்பு வந்துச்சா?" ஒரு தடவை அப்படி வந்தவங்களுக்கு அடுத்த ஊசி மேல பயம் வந்துடும். வெளிய சொல்ல மாட்டாங்க. ஊசியைக் குறைச்சுப் போடுவாங்க, இல்ல ஒரு வேளையை விட்டுடுவாங்க. டாக்டர் கண்ணுக்கு 10.8 மட்டும்தான் தெரியும், அவர் ரெண்டு யூனிட் கூட்டுவார், இவங்களுக்கு இன்னும் பயம் கூடும். நான் பாக்கிற கட்டுப்படாத சர்க்கரையில பல பேரோட கதை இதுதான். ஆறுதலா கேட்டா மட்டும்தான் வெளிய வரும்.

பயம் போகணும்னா லோ வந்தா என்ன செய்யணும்னு கையில இருக்கணும். மீட்டர்ல 70-க்குக் கீழ வந்தா, இல்ல மீட்டர் பக்கத்துல இல்லாம நடுக்கம் வந்தா, மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷம் உக்காரணும். திரும்பப் பாத்து இன்னும் 70-க்குக் கீழன்னா மறுபடியும் அதே அளவு. ஏறினதும் ஏதாவது சாப்பிடணும். சாக்லேட், பிஸ்கட்டை நம்பாதீங்க, அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பினா வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108-தான். அளந்து வச்ச சர்க்கரைப் பொட்டலம் தலைமாட்டுல ஒண்ணு, மாட்டுக் கொட்டகையில ஒண்ணு, முந்தானையில ஒண்ணு. இதை அப்பாவுக்கும் சொல்லிக்குடுங்க.

இப்ப நீங்க கேட்ட கருவிக்கு வர்றேன். அது உங்க வீட்டுலயே இருக்கு. பால் சொசைட்டி அட்டை! ஒவ்வொரு வேளையும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவுன்னு அதுல ஏறுது. தீவனம் மாத்தினா கொழுப்பு எண்ணு எப்படி மாறும்னு அம்மாவுக்கு யாரும் சொல்லிக்குடுக்க வேண்டாம், பல வருஷமா பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு நோட்டுல அதே மாதிரி கட்டம் போடுங்க. தேதி, என்ன சாப்பிட்டேன், சாப்பிடுறதுக்கு முன்னாடி எவ்வளவு, முதல் வாய் வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எவ்வளவு. கடைசிக் கட்டத்துல வித்தியாசத்தை அம்மாவே கழிச்சு எழுதட்டும்.

ஸ்ட்ரிப் காசுதான், அதனால தினமும் நாலு வேளை குத்தச் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வேளைக்கு முன்னும் பின்னும் ஜோடியா பாத்தாத்தான் பாடம். தனியா 240-னு ஒரு எண்ணு வந்தா அது திட்டு மட்டும்தான், அதுல இருந்து எதையும் செய்ய முடியாது. முன்னாடி 150, அப்புறம் 240-ன்னா அந்தச் சாப்பாடு 90 ஏத்திடுச்சுன்னு தெரியுது. வாரத்துல மூணு ஜோடி போதும். இந்த வாரம் காலைச் சாப்பாடு, அடுத்த வாரம் மதியம், அதுக்கடுத்து ராத்திரி. வித்தியாசம் 50-க்குள்ள இருந்தா அந்தச் சாப்பாட்டைத் தொடரலாம்ங்கிறது நாங்க சொல்லிக்குடுக்கிற கணக்கு. வெறும் வயித்துலயே 200-க்கு மேல நின்னா அது சாப்பாட்டுக் குத்தம் இல்ல, ராத்திரி மருந்து விஷயம். அந்த எண்ணோட டாக்டர்கிட்ட போகணும்.

என்னத்தைச் சோதிக்கிறது? உங்க பக்கத்துல கம்பு, கேப்பைக் கூழ் நிறைய புழக்கம். "கேப்பை சாப்பிட்டா சுகர் ஏறாது"ன்னு எல்லாரும் நம்புறாங்க. 100 கிராம் பச்சரிசியில மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம்னா கேழ்வரகுல ஏறத்தாழ 67. நார்ச்சத்து கூட, சத்தும் கூட, மறுக்கல. ஆனா நைசா அரைச்ச மாவைக் கரைச்சு ஒரு சொம்பு குடிச்சா கிடுகிடுன்னு ஏறும். இதை நான் சொன்னா நம்ப வேண்டாம். ஒரு நாள் கூழ், ஒரு நாள் ரெண்டு இட்லியும் அவிச்ச முட்டையும், ஒரு நாள் களியும் கீரையும். அம்மாவோட மீட்டரே சொல்லட்டும்.

தட்டுக்கும் அதே வழிதான். அம்மா தினமும் சாப்பிடுற தட்டுல எப்பவும் போடுற மாதிரி சோறு போடச் சொல்லுங்க. பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ, கால் தட்டு சோறுன்னு அதே தட்டுல பிரிச்சு வச்சுக் காட்டுங்க. புடலங்காய், அவரைக்காய், சுரைக்காய், முருங்கைக்கீரை போதும். ப்ரோக்கோலிக்கு மணப்பாறையில எங்க போவாங்க? சோறு எத்தனை கரண்டின்னு அவங்க வீட்டுக் கரண்டியால எண்ணிட்டா அந்த எண்ணு அவங்களுக்கு மறக்காது.

எதைச் சொல்லிக்குடுத்தாலும் "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க. எல்லாரும் தலையாட்டுவாங்க. "பக்கத்து வீட்டு அக்காவுக்கு சுகர் வந்திருந்தா லோ வந்தப்ப என்ன செய்யணும்னு நீ எப்படிச் சொல்லுவே?"ன்னு கேளுங்க. அவங்க சொல்றதுல எது விட்டுப்போச்சோ அதை மட்டும் மறுபடி சொன்னாப் போதும்.

10.8-ங்கிறதையும் அம்மாவுக்குத் தெரிஞ்ச எண்ணுல சொல்லுங்க. மூணு மாசமா சராசரியா 263-ல நின்னிருக்குன்னு அர்த்தம். 7-ன்னா 154. அங்க ஒரே தாவுல போக வேண்டாம், முதல்ல 9-க்கு வந்தாலே சராசரி 212-க்கு இறங்கிடும்.

கல்வியால என்ன ஆகப்போகுதுன்னு அப்பா கேட்டா இதைச் சொல்லுங்க. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்ததுல, முறையா சொல்லிக்குடுத்தவங்களுக்கு ஹெச்பிஏ1சி மத்தவங்களைவிட சராசரியா 0.6 அளவுக்குக் கூடுதலா இறங்கியிருக்கு. மொத்தமா 10 மணி நேரத்துக்கு மேல சொல்லிக்குடுத்த இடங்கள்ல பலன் இன்னும் அதிகம். நோய் கண்டுபிடிச்ச அன்னைக்கு ஒரு தடவை சொன்னா முடிஞ்சு போற விஷயமில்ல. வருஷத்துக்கு ஒரு தடவை, கட்டுப்பாடு தவறும்போது, புதுசா சிக்கல் வரும்போது, சிகிச்சையோ வீட்டு நிலைமையோ மாறும்போதுன்னு மறுபடி மறுபடி உக்காந்து பேசணும். மூணு நிமிஷ ஓபியில அது நடக்காது. நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரைன்னு 2023-ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்லுது. இத்தனை பேருக்கு மாத்திரை சீட்டு எழுத ஆள் இருக்கு, பக்கத்துல உக்காந்து ஊசி போடுறதைப் பாக்க ஆள் இல்ல. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டு போச்சு.

ஊர்ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வர்ற தன்னார்வலர் அக்காவை விடாதீங்க. 2021-ல திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கிறாங்க. அவங்க வரும்போது நோட்டை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. நீங்க இல்லாத மாசத்துல அம்மாவுக்கு அதுவே ஒரு பிடிப்பு.

கால் பாக்காம வந்துடாதீங்க. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ரெண்டு காலிலயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்க ஆள்காட்டி விரலால ஒண்ணு ரெண்டு நொடி மெல்லத் தொடுங்க. அழுத்தாதீங்க, தேய்க்காதீங்க. தொடும்போது சொல்லச் சொல்லுங்க. ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா காலுல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டணும். இங்கிலாந்துல இப்ஸ்விச் மருத்துவமனையில உருவான சோதனை, ஒரு கருவியும் வேண்டாம். மாட்டுக் கொட்டகையில வெறுங்காலோட நடக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஓய்வுபெற்ற நடத்துநர், விழுப்புரம்:

அந்த அம்மா எழுதினதுக்கு மேல மருத்துவமா சொல்ல எனக்கு எதுவும் இல்ல. நோயாளியா ஒண்ணு சொல்றேன் மகளே. எனக்கும் இன்சுலின்தான். பஸ்ல இருந்த காலத்துல ராத்திரி டிரிப்புல கிடைச்ச ஓட்டல்ல கிடைச்ச நேரத்துல புரோட்டா. ஓய்வுக்கு அப்புறம் பையன் தினமும் போன் பண்ணுவான், எடுத்ததும் "சுகர் எவ்வளவுப்பா?" எண்ணு கூட இருந்தா குரல் மாறும். நான் போனை அவங்க அம்மாகிட்ட குடுத்துடுவேன்.

எனக்குத் திருப்பம் வந்தது ஒரு வகுப்புல. எட்டுப் பத்து சர்க்கரைக்காரங்களை வட்டமா உக்கார வச்சு, வீட்டுல இருந்து கொண்டு வந்த மதியச் சாப்பாட்டைத் திறக்கச் சொன்னாங்க. யாரும் யாரையும் திட்டல. ஒரு கொத்தனார் டப்பாவுல முக்கால்வாசி சோறு, ஓரத்துல ஊறுகாய். என் டப்பாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவர் "காய் விலைக்கு நாங்க எங்க போறது?"ன்னு கேட்டார். பக்கத்துல இருந்த அம்மா முருங்கைக்கீரையும் தட்டைப்பயறும் வச்சு எப்படி ஒப்பேத்துறாங்கன்னு சொன்னாங்க. நம்மள மாதிரி இன்னொருத்தர் சொன்னதால அது எனக்கு ஏறிச்சு. உங்க ஊர்ல அம்மாவோட சேக்காளிகள்ல சுகர் இருக்கிறவங்க நாலு பேராவது இருப்பாங்க. எல்லாரையும் சேர்த்து உக்கார வைங்க.

போன் பண்ணினா முதல்ல மாட்டைப் பத்திக் கேளுங்க. சுகரை அம்மாவே சொல்ற வரைக்கும் பொறுங்க.

நெல்லை மருந்தாளுநர்:

செவிலி அம்மா ரெண்டு நிற ஊசின்னு சொன்னதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லிடுறேன், கடையில தினமும் பாக்கிற விஷயம். நம்ம ஊர்ல குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதுக்குச் சிவப்பு மூடி ஊசி. 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 40 குப்பியில இருந்து ஆரஞ்சு மூடி ஊசியால 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 8 யூனிட்தான். மாத்தி, 100 குப்பியை சிவப்பு மூடி ஊசியில 20 கோடு இழுத்தா 50 யூனிட் போயிடும், உயிருக்கே ஆபத்து. அம்மாவோட குப்பியில இருக்கிற எண்ணும் ஊசியில இருக்கிற எண்ணும் ஒண்ணான்னு பாருங்க. தப்பா இருந்தா நீங்களா ஊசியை மாத்திடாதீங்க, அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லுங்க. குறைவா போன மருந்தை வச்சு அளவைக் கூட்டிக்கிட்டே வந்திருப்பாங்க, திடீர்னு முழு அளவும் போனா லோ ஆயிடும்.

திறந்த குப்பியை வெயில் படாம வச்சா வீட்டுக்குள்ள ஏறத்தாழ நாலு வாரம் தாங்கும். கோடையில ஃப்ரிட்ஜ் இல்லைன்னா பிளாஸ்டிக் உறையில போட்டு ஈர மணல் மேல வச்ச மண்பானைக்குள்ள வைக்கலாம். ஃப்ரீசர் பெட்டியில மட்டும் வைக்கவே கூடாது, உறைஞ்ச இன்சுலின் வீண். திறந்த தேதியைக் குப்பியிலயே பேனாவால எழுதிடுங்க.

மணப்பாறை மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊருக்குப் போயிட்டு வந்துட்டேன்.

குப்பியும் ஊசியும் சரியாத்தான் இருந்துச்சு, ரெண்டும் 40. ஆனா அம்மா உருட்டவே இல்ல. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே தலைகீழா பிடிச்சு இழுத்தாங்க. தொப்புளுக்கு இடது பக்கம் கொட்டைப்பாக்கு அளவுக்கு ரெண்டு கட்டி. "அங்க குத்தினா வலிக்காதுடி"ன்னு செவிலி அக்கா எழுதின வார்த்தையையே சொன்னாங்க.

பயத்தைப் பத்தி கொட்டகையில தனியா கேட்டேன். கொஞ்ச நேரம் மாட்டைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க. பங்குனித் திருவிழா சமயத்துல ஒரு ராத்திரி ரவிக்கை நனையுற அளவுக்கு வேர்த்து, எழுந்திரிக்க முடியாம கிடந்திருக்காங்க. அப்பாவை எழுப்பல. அதுக்கப்புறம் ராத்திரி ஊசியைப் பாதி நாள் போடுறதே இல்ல. "தனியா செத்துக் கிடந்தா மாட்டை யாரு பாப்பா?"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. இத்தனை மாசமா நான் போன்ல சோத்தைப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

திங்கக்கிழமை லீவு போட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொன்னோம். இந்தத் தடவை அவரும் நின்னு கேட்டார். ராத்திரி அளவைக் குறைச்சார், இடம் மாத்திப் போடச் சொன்னார், சில நாள் படுக்கப் போறப்பவும் விடியக்காலை மூணு மணிக்கும் பாக்கச் சொல்லியிருக்கார்.

நோட்டுல அம்மாவே கட்டம் போட்டாங்க, ஸ்கேல் வச்சு. முதல் வரி: கூழு ஒரு சொம்பு, முன்ன 212, பின்ன 338, ஏத்தம் 126. கழிச்சுப் பாத்துட்டு "இத்தனை வருஷத்துல எவனும் இதைச் சொல்லலையே"ன்னாங்க. கூழை அடியோட விடணுமான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க அக்கா. காலத் தொட்டுப் பாத்ததுல ஒரு சுண்டுவிரல் மட்டும் தெரியல.

தஞ்சைச் செவிலி:

அம்மா நோட்டுல "ஏத்தம்"னு போட்டிருக்காங்களே, என் நோயாளிகளுக்கும் இனி அப்படித்தான் கட்டம் போடச் சொல்லப்போறேன்.

கூழை விட வேண்டாம்னு சொல்லுங்க. சொம்புக்குப் பதிலா ஒரு டம்ளர், அதுலயும் கெட்டியா, கூட ஒரு முட்டையோ சுண்டலோ, சின்ன வெங்காயம் மட்டும் போதாது. அப்படிக் குடிச்சு ஒரு ஜோடி, களியா கிண்டிக் கீரையோட சாப்பிட்டு ஒரு ஜோடி. எது குறைவா ஏத்துதோ அதை அம்மாவே எடுத்துக்கட்டும். ஆனா முன்னாடி எண்ணே 212-ல நிக்குது பாருங்க, அது ராத்திரி மருந்து விட்டதோட பாக்கி. அது ஒழுங்கானதும் இதே கூழ் பின்னாடி காட்டுற எண்ணும் இறங்கும்.

ஒரு விரல் தெரியலைன்னா பதற வேண்டாம். டாக்டர் அடுத்த தடவை மோனோஃபிலமென்ட்ங்கிற மெல்லிய நைலான் இழையை வச்சு முறையா பாக்கட்டும். கொட்டகைக்குன்னு தனியா ஒரு மூடின செருப்பு வாங்கிக் குடுங்க, போடுறதுக்கு முன்னாடி உள்ள கை விட்டுக் கல்லு, முள்ளு பாக்கச் சொல்லுங்க.

கண் விழித்திரைப் பரிசோதனை கடைசியா எப்ப பண்ணினீங்க? 14 வருஷச் சர்க்கரை, இவ்வளவு நாள் கூட இருந்தது சீக்கிரமா இறங்கும்போது ஏற்கெனவே கண்ணுல பாதிப்பு இருந்தா அது கொஞ்ச காலம் கூடலாம். அதனால இந்த மாசமே கண்ணைக் காட்டிடுங்க. சிறுநீரகத்துக்காக, சிறுநீர்ல அல்புமின்ங்கிற புரதம் போகுதான்னும் பாத்துடுங்க. மெட்ஃபார்மின் பல வருஷமா சாப்பிடுறதால வைட்டமின் பி12 அளவையும் எடுக்கலாமான்னு கேளுங்க.

ஹெச்பிஏ1சி மூணு மாசத்துக்கு முன்னாடி எடுக்காதீங்க, அதுக்குள்ள முழு மாத்தமும் தெரியாது. அதுவரைக்கும் நோட்டுதான். இன்னொண்ணு, படுக்கப் போறப்ப எண்ணு எவ்வளவுக்குக் கீழ இருந்தா ராத்திரி போன் பண்ணணும், யாருக்குப் பண்ணணும்னு டாக்டர்கிட்ட கேட்டு நோட்டோட முதல் பக்கத்துல அம்மா கையாலயே பெரிய எழுத்துல எழுதி வைக்கச் சொல்லுங்க. அப்பாவும் அதை ஒரு தடவை சத்தமா படிச்சுக் காட்டணும்.